கமினோவுக்குப் புறப்படும் ஓசூர்க்காரர்களுக்கு

அன்புள்ள ஆறு பேருக்கும், இதே யோசனையில் பெட்டி கட்டப் பார்க்கும் மற்றவர்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை சிப்காட் டீக்கடையில் நீங்கள் விரித்துக் காட்டிய தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் ஆளுக்கொரு பங்கு. ஸ்பெயினில், சந்தியாகோ நகருக்குப் போகும் கமினோ நடைவழியில் ஒரு கிராமம். அங்கே பழைய கல் வீடு ஒன்று குத்தகைக்கு. இருபது கட்டில், கட்டிலுக்கு இத்தனை யூரோ, காலையில் சுடச்சுட இட்லி. இட்லி என்றதும் நான் சிரித்துவிட்டேன். நீங்கள் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டீர்கள். அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு விஷயங்கள் வந்துவிட்டன. சூளகிரியிலும் பர்கூரிலும் இதே கனவோடு சிலர் இருப்பதாகக் கேள்வி. அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

முதலில் சிரித்த காரணம். மார்கழியில் நம் ஓசூரிலேயே மாவு பொங்குவதில்லை. கம்பளி சுற்றி அடுப்படியில் வைத்தாலும் காலையில் கல் மாதிரி கிடக்கிறது. கமினோ வழியில் கணிசமான தூரம் மேட்டுநிலம், ஏப்ரலிலும் இரவில் நடுங்க வைக்கும் குளிர். அது போகட்டும், மாவு பொங்கினாலும் அதைச் சாப்பிட ஆள் இருக்காது. வெயிலுக்கு முன் தூரம் கடக்க வேண்டும் என்று நடப்பவன் ஐந்தரை மணிக்கே கிளம்பிவிடுவான். நீங்கள் முதல் ஈடு இறக்கும்போது கட்டில்கள் காலியாகக் கிடக்கும். இருபத்தெட்டு வருடம் மூன்று ஷிப்டுக்கும் கேன்டீனில் சோறு போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சமைக்கிறவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறவன் வரமாட்டான், சாப்பிடுகிறவன் நேரத்துக்குத்தான் நாம் எழுந்திருக்க வேண்டும்.

கமினோ தெரியாதவர்களுக்காக நாலு வரி. இயேசுவின் சீடர்களில் ஒருவரான புனித யாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் நடந்து வருகிறார்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேலான வழக்கம். அதிகம் பேர் நடக்கும் வழி, பிரான்சு எல்லையில் பிரனீஸ் மலையடிவாரத்தில் தொடங்குகிறது; ஏறத்தாழ 780 கிலோமீட்டர். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 2024இல் அதை வாங்கியவர்கள் ஐந்து லட்சத்தை ஒட்டி. யாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு அவர்களுக்குப் புனித ஆண்டு, அடுத்தது 2027. உங்கள் தாளில் 2027க்கு மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்ததைக் கவனித்தேன்.

இந்தச் சந்தியாகோ, அதாவது யாகப்பர், நமக்கு அந்நியர் இல்லை. இராமேசுவரம் போகும் வழியில் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது, அதே ஜூலையில் அங்கும் திருவிழா. அந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். தங்கச்சிமடம், பக்கத்தில் அக்காமடம். இராமேசுவரம் போகிறவர்கள் இளைப்பாறிய மடங்கள் ஊராகவே ஆகிவிட்டன. வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பதைப் படிக்க ஸ்பெயின் வரை போக வேண்டிய ஊர் நம்முடையது இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இன்னும் கிட்டே வருகிறேன். தருமபுரிப் பக்கம் கிடைத்த காதக்கற்கள் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சுமார் 13ஆம் நூற்றாண்டு. ‘அதியமான் பெருவழி’ என்று சாலையின் பெயரையும், நாவற்றாவளத்துக்கு எத்தனை காதம் என்பதையும் எழுத்திலும் எண்ணிலும் வெட்டியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. கீழே குழிகள்: பெரிய குழி பத்துக்கு, சிறிய குழி ஒன்றுக்கு. படிக்கத் தெரியாதவன் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இருட்டில் வருகிறவன் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். அந்த ஊர்ப் பெயரில் வரும் தாவளம் என்றால் தங்குமிடம். அந்தக் கல்லை நட்டவன் எழுத்துத் தெரியாத வண்டிக்காரனையும் கணக்கில் வைத்திருந்தான். கமினோவில் இன்று மரத்திலும் சுவரிலும் மஞ்சள் அம்புக்குறி வழி காட்டும் அல்லவா, அதை 1984இல் வரையத் தொடங்கியவர் ஒ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீன்யா. சாலைக்குக் கோடு போட்டு மிச்சமான பெயின்டை வாங்கிக்கொண்டு தன் காரிலேயே வழி முழுக்கப் போனாராம். குழி வெட்டியவனும் பெயின்ட் அடித்தவரும் ஒரே ஜாதி மனிதர்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, நம் பந்தலுக்கு வருகிறேன். சூளகிரி தாண்டி, மேலுமலை ஏற்றத்துக்கு முன்னால் நாங்கள் பத்துப் பேர் வருடாவருடம் பந்தல் போடுவது உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் நடுவில் பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் வருவார்கள். 29ஆம் தேதி கொடியேற்றத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்று சிலர், செப்டம்பர் 8 பெருவிழாவுக்குப் போதும் என்று சிலர். கார்த்திகையில் அண்ணாமலை தீபத்துக்கு நடப்பவர்கள். நீங்களும் இரண்டு முறை காரில் வந்து மோர் குடித்துவிட்டு, “ரொம்ப நல்ல காரியம்ணே” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பந்தலுக்குப் பின்னால் நடப்பதை நீங்கள் பார்த்ததில்லை.

முதல் வருடம் நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி என்று கேன்டீன் கணக்கையே போட்டேன். தப்பு. முப்பது கிலோமீட்டர் நடந்து வந்தவன் முதல் அரைமணி நேரம் சோற்றைத் தொடமாட்டான். தண்ணீர், மோர், அப்புறம் காலை நீட்டிப் படுக்க ஒரு நிழல். பசி அதற்குப் பிறகுதான் வரும், வந்தால் இரண்டு ஆள் பசி. நான் பதினொரு மணிக்குக் கிளறி வைத்த சாம்பார் சாதம் இரண்டு மணிக்குப் புளித்துவிட்டது. கூட்டம் வந்தது மூன்று மணிக்கு. இப்போது புளிச்சோறும் எலுமிச்சைச் சாதமும் மட்டும்தான், அதுவும் சிறு சிறு அண்டாவாக.

கழிப்பறை என்ற ஒன்றை முதல் வருடம் நாங்கள் யோசிக்கவே இல்லை. பத்துப் பேரும் ஆண்கள். பெட்ரோல் பங்க் இருக்கிறதே என்று நினைத்தோம். பங்க் முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஆறு வழிச் சாலைக்கு எதிர்ப்புறம். ஒரு அம்மா தண்ணீர் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். குடியுங்கம்மா, குடியுங்கம்மா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த பெண் என் மனைவியைக் கூப்பிட்டுக் காதில் சொன்ன பிறகுதான் உறைத்தது. பெங்களூரிலிருந்து வழி முழுக்க அவர் பாதித் தாகத்தோடுதான் நடந்திருக்கிறார்.

அடுத்தது என் சொந்தக் குற்றம். காலில் நீர்க்கொப்புளம் வந்தால் ஊசியில் நூல் கோத்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுவது என் அம்மா காலத்து வைத்தியம். நீர் நூல் வழியாக வடிந்துவிடும். கமினோவிலும் பலர் இதையேதான் செய்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். இரண்டாம் வருடம் ஒரு பையனுக்கு அப்படிச் செய்து அனுப்பினேன். நாலாம் நாள் அவன் அண்ணன் போன் செய்தான். நீர் வடிந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே போயிருக்கிறது. கணுக்கால் வரை வீங்கி, நடையை வழியிலேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். நேர்ந்துகொண்டு புறப்பட்டவனைப் பாதியில் திருப்பியது என் ஊசி. இப்போது ஒரு நர்ஸம்மா வருகிறார். நான் உப்புத் தண்ணீர் வாளி மட்டும் நிரப்புகிறேன்.

எங்கள் பந்தலில் எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. ஃபேக்டரி சேஃப்டி ஜாக்கெட்டில் ஒட்டியிருக்குமே, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை, அதை ரோலாக வாங்கி வைத்துக்கொள்வோம். வருகிற ஒவ்வொருவர் பையிலும் முதுகுப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுவோம். மேலுமலை இறக்கத்தில் லாரி எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு, விடியாத நேரத்தில் சாலை ஓரம் போகிறார்கள். நான் ஒட்டும்போது அவர்கள் கொஞ்சம் குனிந்து கொடுப்பார்கள். அந்த அரை நிமிடத்தில்தான் “எங்கிருந்து அண்ணா?”, “பிள்ளைக்கு வேண்டிக்கிட்டேன்” எல்லாம். “நீரு இதெயா அண்ணா” என்று கன்னடத்தில் கேட்பவருக்குக் கன்னடம், தெலுங்குக்குத் தெலுங்கு, உருதுக்கு உருது. ஓசூரில் பிறந்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. உங்கள் தாளில் எழுதாமல் விட்ட முதலீடு இதுதான். நாலு மொழியில் தடுமாறாமல் தண்ணீர் கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஸ்பானிஷ் ஐந்தாவது. காசிக்குப் போன குமரகுருபரர் அந்நிய மொழி பேசும் வரம் கேட்டுச் சகலகலாவல்லி மாலை பாடினார், வாய்த்தது என்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. பெங்களூரில் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

குமரகுருபரர் என்றதும் நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். யாத்திரை வழியில் இடம் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்க்காரர்கள். தென்பாண்டிச் சீமையில் பிறந்த அவர் 17ஆம் நூற்றாண்டில் கங்கைக் கரையில் கேதார கட்டத்தில் மடம் கட்டினார். செட்டிநாட்டு நகரத்தார் காசியில் சத்திரம் வைத்து, அங்கிருந்து விசுவநாதர் பூசைக்கான பொருட்களை ‘சம்போ’ என்று குரல் கொடுத்தபடி தெருவழியே எடுத்துப் போகிறார்கள். இருநூறு ஆண்டுக்கும் மேலாக இது நிற்கவில்லை. இலங்கையில் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை போரில் அறுந்துபோனபோது, 1988இல் அதற்கு மறுபடி உயிர் கொடுக்க முன்னின்றவர் பாட்ரிக் ஹாரிகன் என்ற அமெரிக்கர்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த கதை தஞ்சை மராட்டியருடையது. 1676இல் ஏகோஜி தஞ்சையைப் பிடித்தார். மராத்தி பேசிய குடும்பம், நமக்கு வெளியூர். அவர் வழிவந்தவர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் 1802இல் எழுந்தது. இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரியவளின் பெயரில் கட்டியது. 1799இல் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. 1801இல் சரபோஜி ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: சத்திரங்களின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள் என்று. அந்தக் கடிதத்தில் ஒரு கேன்டீன்காரன் பார்வைக்குத் தெரியும் விஷயங்கள் இருக்கின்றன. பிராமணர் முதல் பறையர் வரை, யோகி, ஜங்கமர், பைராகி யார் வந்தாலும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் சாமானும். சோறு போடுவது நள்ளிரவு வரை நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், விஷக்கடிக்கும் மருந்து. கர்ப்பிணிக்குத் தனிக் கவனிப்பு. வழியில் பெற்றோர் இறந்துபோன பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் வைத்து வளர்ப்பது, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது உட்பட.

அந்த மணியை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் ஷிப்டு முடிந்து அடுப்பை அணைத்த பிறகு ‘இன்னும் சாப்பிடாதவர் உண்டா’ என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. டோக்கன் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று வீட்டுக்குப் போய்விடுவேன்.

இதெல்லாம் எப்படி நடந்தது? சத்திரத்துக்கென்று கிராமங்கள் இருந்தன, நெல் வந்தது. நகரத்தார் வியாபாரத்தில் மகமை எடுத்து வைத்தார்கள். வழிப்போக்கன் மடியிலிருந்து அந்தச் சோறு வரவில்லை. எங்கள் பந்தலுக்கும் அப்படித்தான்: கேன்டீன் பழைய ஆட்கள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம், பாகலூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் இரண்டு பேர், கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் ஒருவர். உங்கள் தாளில் வரவுப் பக்கம் முழுக்க நடப்பவன் தரும் யூரோ. அது கடை. கடை நடத்துவதில் கேவலம் ஒன்றுமில்லை. நம் ஊரில் பாதிப் பேர் கடை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். தாளின் தலைப்பில் மட்டும் ‘சேவை’ என்று எழுதியிருந்தீர்கள், அதைத்தான் அடிக்கச் சொல்கிறேன். கடை என்றால் கடைக் கணக்கு போடுங்கள்: நவம்பர் முதல் மார்ச் வரை ஆள் நடமாட்டம் குறைந்து பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும், குத்தகை மட்டும் நிற்காது. சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும், தொழில் செய்ய முடியாது. தங்குகிற ஒவ்வொருவர் விவரத்தையும் அரசுக்கு அனுப்ப வேண்டும். கட்டிலில் மூட்டைப்பூச்சி ஒருமுறை வந்தால் அந்தப் பருவமே போச்சு.

சத்திரம் நடத்தத்தான் ஆசை என்றால் அதற்கும் அங்கே வழி இருக்கிறது. யாத்திரை விடுதிக்கு அல்பெர்கே என்று பெயர், பார்த்துக்கொள்பவர் ஒஸ்பிதலேரோ. விலைப்பட்டியல் இல்லாமல் உண்டியல் மட்டும் வைத்திருக்கும் அல்பெர்கேக்கள் இன்னும் உண்டு. கிரான்யோன் என்ற சிற்றூரில் கோயில் கட்டடத்திலேயே பாய் விரித்துப் படுக்க வைக்கிறார்கள். அங்கே உண்டியல் திறந்தே இருக்கும், முடிந்ததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம். 1990இல் லூர்தெஸ் யுக் என்ற பெண்மணி ஒர்னீயோஸ் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடப்பவர்களைக் கவனித்தார். அதிலிருந்து தொண்டர் ஒஸ்பிதலேரோ முறை வளர்ந்தது. ஒரு தடவைக்குப் பதினைந்து நாள், சம்பளம் கிடையாது, போகுமுன் பயிற்சி. வெளிநாட்டார் நடத்தும் இடமும் உண்டு. ரபனால் கிராமத்தில் இங்கிலாந்து யாகப்பர் சங்கத்தார் 1991 முதல் ஒரு விடுதியை நடத்துகிறார்கள். ஒருவரும் வீட்டை விற்றுவிட்டுப் போகவில்லை. பதினைந்து நாள் கூட்டிப் பெருக்கிவிட்டு ஊருக்குத் திரும்பி, அடுத்த தொண்டரிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் முதலில் செய்வேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாளில் ஆறு ஆண்கள் பெயர் இருந்தது. இருபது கட்டிலுக்கு இருபது விரிப்பு, தினமும் புது ஆள். அதைத் துவைப்பவர் பெயர் எந்த வரியிலும் இல்லை. வீட்டில் கேட்டீர்களா? உங்களில் ஒருவர் வீட்டம்மாவை உழவர் சந்தையில் பார்த்தேன். “எங்க போறதா இருந்தாலும் எனக்கு ரேஷன் கார்டை மட்டும் வச்சிட்டுப் போகச் சொல்லுங்கண்ணா” என்றார்.

உங்களில் ஒருவர் போன வருடம் மகளோடு சாரியாவிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தார். அதிலிருந்துதான் இந்த ஆசை பிடித்தது என்று தெரியும். நடக்கும்போது ஒவ்வொரு நாளும் புது ஊர், புது முகம். இடம் கொடுப்பவனுக்கும் புது முகம்தான், ஆனால் ஒரே ஊர், ஒரே கேள்வி: “அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?” யார் கதையும் முடிவு வரை நமக்குத் தெரியாது. வேண்டிக்கொண்ட பிள்ளை பிறந்ததா, நின்றுபோன கல்யாணம் நடந்ததா, ஒன்றும் தெரியாது. பந்தலில் எனக்கு இது முதல் இரண்டு வருடம் பெரிய குறையாக இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கணுக்கால் வீங்கிப் போன அந்தப் பையன் அடுத்த வருடம் வருவான் என்று ஆகஸ்ட் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16 முதல் பத்து நாள் பந்தல். ஆறு பேரும் வாருங்கள், இந்தத் தடவை காரை வீட்டில் வைத்துவிட்டு. இரண்டு பேர் மோர், ஒருவர் பட்டை ஒட்ட, ஒருவர் கழிப்பறைக்குத் தண்ணீர் டேங்கர் பார்த்துக்கொள்ள, இரண்டு பேர் இரவுக் காவல். காலை மூன்றரைக்கு அடுப்புப் பற்ற வைப்போம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மேட்டில் ஆகஸ்டிலும் காற்று அடிக்கும். வரும்போது பெரிய அலுமினிய அண்டா ஒன்று யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். பழையது போன வருடம் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் பழைய கேன்டீன் சூப்பர்வைசர்